குழாய்த் தண்ணீரில் குளோரோஃபார்ம்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "குழாயைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் நாற்றம். குளோரினால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?"

பாதி நிஜம். குளோரின் கிருமிகளைக் கொல்வதோடு நிற்பதில்லை. மக்கிய இலைதழைகளிலிருந்து ஏரி நீரில் கரைந்த கரிமப் பொருளோடும் அது வினைபுரியும். அப்போது உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன்களில் ஒன்றுதான் குளோரோஃபார்ம். ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு முன் முகரவைத்த அதே மயக்க மருந்து. புற்றுநோய்ச் சந்தேகம் இதன் மேல்தான்.

இதைக் கண்டுபிடித்தவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். யோஹானஸ் ரூக், நெதர்லாந்தில் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்து வேதியியலாளர். அதற்கு முன் பீர் தொழிலில் இருந்தவர். பீரின் மணத்தை ஆராய அங்கே ஒரு வழி உண்டு. திரவத்தைத் தொடாமல், மூடிய குப்பிக்குள் அதன் மேலே தேங்கும் காற்றை மட்டும் உறிஞ்சி, வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் செலுத்துவார்கள். ஈயச்சொம்பின் மூடியைத் தூக்கியதுமே ரசத்தில் பெருங்காயம் போட்டாயிற்றா என்று என் அத்தை சொல்லிவிடுவார், அதே வித்தைதான். ரூக் அதைக் குடிநீரில் செய்து பார்த்தார். ஆற்று நீரில் இல்லாத குளோரோஃபார்ம், குளோரின் கலந்தபின் இருந்தது. 1974இல் அதை வெளியிட்டார். 1979இல் அமெரிக்கா ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது.

நம் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500இல் ஒரு வேடிக்கை. குழாய்க்கு வரும் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், குளோரோஃபார்ம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதலாவதைத் தெருவிலேயே பார்த்துவிடலாம். குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை ஒப்பிட்டால் போதும். இரண்டாவதற்கு ரூக் வைத்திருந்தது போன்ற கருவி வேண்டும். ஆனால் பயம் என்னவோ இரண்டாவதன் மேல்தான்! குளோரோஃபார்மின் ஆபத்து பல ஆண்டுக் கணக்கு. காலராவோ ஒரே நாளில் ஆளை முடித்துவிடும்.

குற்றவாளி குளோரின் அல்ல, அழுக்கு. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, கரிமப் பொருளைக் குறைத்தபின் குளோரின் சேர்த்தால் இந்த வேண்டாத சரக்கும் குறையும். நாமோ ஏரியில் குப்பை கொட்டுகிறோம், சம்ப்பைக் கழுவ மறக்கிறோம், பிறகு ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறோம். அது குளோரினையும் எடுத்துவிடுவதால், வடித்த தண்ணீரை அழுக்குக் குடத்தில் ஊற்றிவைத்தால் காவல் கிடையாது.

வாசகிக்கு: நாற்றம் பிடிக்கவில்லையென்றால் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள், குளோரோஃபார்மும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். நேற்றுவரை இருந்த குளோரின் இன்று குழாயில் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். வழியில் சாக்கடை கலந்திருக்கலாம். உடனே புகார் கொடுங்கள். குளோரினை நிறுத்தச் சொல்லி மட்டும் மனுப் போடாதீர்கள்.