மாரியில் ஓய்வெடுக்கும் மோட்டார் சைக்கிள்

வடகீழ்ப் பருவமழை கனத்துப் பெய்யும் கார்த்திகை முதல் தை வரையான மாதங்களில், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட நாவற்குடா போன்ற ஊர்களில் ஓடாமல் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிளுக்கு, மழையைப் போலவே உப்பு கலந்த ஈரக்காற்றும் பெரும் பகையாகும். பெற்றோல் தாங்கி அரைகுறையாக இருப்பின், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீர்த்துளிகளாகி உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், அதனை நிரப்பி வைப்பதே நன்று. காபரேட்டரில், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் உறுப்பில், தேங்கிய பெற்றோல் வற்றிப் பிசினாகப் படியாதிருக்க, பெற்றோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

பற்றரியைக் கழற்றுகையில் எதிர்முனையையே முதலில் அகற்ற வேண்டும்; வண்டியின் இரும்புச் சட்டம் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். செயினுக்கு ஒயில் பூசி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பருத்தித் துணியால் மூடலாம்; இறுகக் கட்டிய பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் கண்டதைப் போன்ற வெள்ளத்தில் எஞ்சின் மூழ்க நேர்ந்தால், உட்புகுந்த நீர் காற்றைப் போல் அமுங்காது என்பதால், இயக்க முயலும்போது பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையக்கூடும். பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஒயில் இருப்பின் நீர் கலந்துவிட்டது உறுதி. அத்தகைய வண்டியை, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றும்வரை எவரும் இயக்க வேண்டாம்.