கருவும் காவலும்: கறவை மாட்டின் இனப்பெருக்கமும் நோய் எதிர்ப்பாற்றலும்

பெங்களூருவில் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகும், ஊர் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மாட்டுக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பெரியம்மா வீட்டில் பசு கன்று ஈன்றால், மறுநாள் காலை முதல் பேருந்தில் ஒரு தூக்குச் சட்டி சீம்பால் ஓசூர் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அவித்து, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்போம். அவர்கள் அதைக் ‘கிண்ணு’ என்பார்கள். இரு மொழியாருக்கும் பிடித்த பண்டம் அது.

ஒருமுறை சீம்பால் வந்த மூன்றாம் நாள் பெரியம்மா தொலைபேசியில் அழுதார். “கன்னுக்குட்டி போயிருச்சுப்பா. பேதி புடிச்சுக்கிச்சு, ரெண்டே நாள்தான். மாட்டுக்குக் கொடியும் முழுசா விழல. காய்ச்சலா கெடக்குது. இனிமே சினை நிக்குமோ நிக்காதோ?” அவர் பயந்தபடியே ஆயிற்று. நான்கு முறை சினை ஊசி போட்டும் அந்தப் பசு சினை பிடிக்கவில்லை. கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. கண்ணேறு என்றார்கள் ஊரார்.

கன்று இறந்தது, கொடி தங்கியது, பசு மலடானது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனித் துன்பங்களாக நமக்குத் தோன்றுகின்றன. ஆனால் இம்மூன்றுக்கும் அடியில் ஓடும் நூல் ஒன்றே. அதுதான் உடலின் நோய் எதிர்ப்பாற்றல். சினை பிடிப்பதில் தொடங்கி கன்றுக்குப் பால் கொடுப்பது வரை, இனப்பெருக்கத்தின் ஒவ்வொரு படியிலும் நோய் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு வேலை இருக்கிறது. இதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஆடுகோடியில்

ஓசூர் சாலையில் ஆடுகோடியைக் கடந்து செல்லாத பெங்களூருத் தமிழர் இருக்க முடியாது. ஆங்கிலேயர் காலத்தில், 1923ஆம் ஆண்டு, கால்நடை வளர்ப்புக்கும் பால் பண்ணைக்குமான இம்பீரியல் நிறுவனம் அங்குதான் தொடங்கப்பட்டது. 1927இல் உடல் நலம் தேறுவதற்காக இவ்வூரில் தங்கியிருந்த காந்தியடிகள், மதன் மோகன் மாளவியாவுடன் அங்கு சென்று மாடு வளர்ப்பைக் கற்றார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதி விவசாயி என்றே குறித்துக்கொண்டார். 1955இல் அதன் தலைமையிடம் ஹரியானாவிலுள்ள கர்னாலுக்கு மாறியது. தென்மண்டல நிலையம் இங்கேயே நிலைத்தது. அதே வளாகப் பகுதியில் 1995இல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் உருவாயிற்று. தீவனத்துக்கும் மாட்டின் உடல் இயக்கத்துக்கும் சினைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆக, நம் பெரியம்மாவின் கவலைக்கு விடை தேடும் இடம் நாம் தினமும் பேருந்தில் கடக்கும் தெருவில்தான் இருக்கிறது.

இரட்டைக் கன்று கற்றுத் தந்த பாடம்

நம் உடலுக்குள் அந்நியப் பொருள் எது நுழைந்தாலும், இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதைத் தாக்கி அழிக்கின்றன. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. வயிற்றிலுள்ள கரு பாதி தாயினுடையது, பாதி தகப்பனுடையது. தாயின் உடலுக்கு அது அரை அந்நியம்தானே? அதை ஏன் தாயின் உடல் தாக்குவதில்லை? இக்கேள்வியை 1953இல் தெளிவாக எழுப்பியவர் பீட்டர் மெடவார் என்ற ஆங்கில விஞ்ஞானி.

இவரை இத்திசையில் திருப்பியதில் மாட்டுக்கும் பங்குண்டு. ஆணும் பெண்ணுமாக இரட்டைக் கன்று பிறந்தால், அப்பெண் கன்று பத்தில் ஒன்பது முறை மலடாகவே வளரும். நம் கிராமத்துப் பெரியவர்களும் இதைச் சொல்வதுண்டு. காரணம், கருவில் இரண்டின் இரத்த ஓட்டமும் கலந்துவிடுகிறது. ஆண் கன்றின் பக்கமிருந்து வரும் சுரப்புகள் பெண் கன்றின் கருவுறுப்புகளை வளரவிடாமல் செய்கின்றன. 1945இல் அமெரிக்காவின் ரே ஓவன் இதில் இன்னொன்றைக் கண்டார். அப்படிப் பிறந்த இரட்டையர் ஒருவர் மற்றவரின் இரத்த அணுக்களை வளர்ந்த பிறகும் சுமக்கின்றனர்; உடல் அவற்றை எதிர்ப்பதே இல்லை. பிறகு மெடவாரும் அவருடைய குழுவினரும் இரட்டைக் கன்றுகளிடையே தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தபோது அதுவும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டது. உடலுக்கு எதிர்க்கத் தெரிந்தது போலவே பொறுத்துக்கொள்ளவும் தெரியும் என்ற உண்மை இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1960இல் மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பொறுமையின் ஆராய்ச்சிக்காகவே.

கரு அனுப்பும் சேதி

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினை பிடித்துவிட்டால் அடுத்த பருவம் நிற்க வேண்டும். கரு உள்ளே இருக்கிறது என்று தாயின் உடலுக்கு யார் சொல்வது? கருவேதான் சொல்கிறது. 16, 17ஆம் நாள் அளவில் கருவைச் சுற்றியுள்ள படலம் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் டௌ என்பது அதன் பெயர். இன்டர்ஃபெரான்கள் என்றாலே வைரசை எதிர்க்கும் காவல் புரதங்கள். அந்தக் காவல் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றையே மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகள் ‘நான் வந்துவிட்டேன்’ என்று தாய்க்குச் சொல்லப் பயன்படுத்துகின்றன. இச்சேதி பலவீனமாக இருந்தாலோ, கருப்பையில் புண் இருந்து சேதி சரியாக எட்டாவிட்டாலோ, சினை தங்காது. “ஊசி போட்டோம், நிக்கல” என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பருவ நாளில் கருப்பையின் எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும். பருவம் கடந்து சினைக்கான சுரப்பு ஏறியதும் அந்த வலு குறையும், கருவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே பருவம் தவறிய நேரத்தில், சுத்தமில்லாத கையோடு சினை ஊசி போட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். பருவத்தில் வடியும் திரவம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியோ சீழ் போலவோ இருந்தால் முதலில் மருத்துவம், பிறகுதான் ஊசி.

கொடி ஏன் விழவில்லை?

ஒன்பது மாதமும் சில நாட்களும் பொறுத்துக்கொண்ட உடல், கன்று வெளிவந்ததும் மனம் மாற வேண்டும். இனி நஞ்சுக்கொடி வேண்டாத பொருள். கருப்பையோடு அது ஒட்டியிருக்கும் இடங்களைத் தளர்த்துவதில் வெள்ளை அணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. இயல்பாக 12 மணி நேரத்துக்குள் கொடி விழுந்துவிடும். 2002இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசியக் கால்நடை நோய் மைய ஆய்வாளர்கள், கொடி தங்கிய பசுக்களின் வெள்ளை அணுக்கள் கன்று ஈனுவதற்கு முன்பே சோர்ந்திருந்ததைக் கண்டார்கள். கொடி தங்குவது ஈன்ற அன்று தொடங்கும் கோளாறு அல்ல; சினையின் கடைசி வாரங்களிலேயே விதைக்கப்பட்டது என்பது இதன் பொருள்.

அந்த வாரங்களில்தான் நாம் பசுவைக் கவனிக்காமல் விடுகிறோம். பால் வற்றிய மாடு, இதற்கு எதற்குத் தவிடும் புண்ணாக்கும் என்ற எண்ணம். ஆனால் வயிற்றில் கன்று வேகமாக வளர்வதும், மடியில் சீம்பால் ஊறத் தொடங்குவதும் அப்போதுதான். செலினியம், தாமிரம், துத்தநாகம், வைட்டமின் ஈ ஆகியவை குறைந்தால் வெள்ளை அணுக்களின் போர்த்திறனும் குறைகிறது. எல்லா ஊர் மண்ணிலும் எல்லாத் தாதுவும் போதிய அளவு இல்லை. அதனால்தான் ஆடுகோடி நிறுவனத்தார் மண், தீவனம், மாடு மூன்றையும் சோதித்து, அந்தந்தப் பகுதிக்கேற்ற தாது உப்புக் கலவையைப் பரிந்துரைக்கும் பணியைச் செய்தார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்தகைய கலவையைத் தயாரித்து வழங்குகிறது. நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் போதும். அடிமாட்டு விலைக்குப் போன ஒரு பசுவின் இழப்போடு ஒப்பிட்டால் இச்செலவு ஒன்றுமே இல்லை.

தொங்கும் கொடியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டி இழுக்க விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது கருப்பையைக் கிழித்துப் புண்ணாக்கும். அடுத்த சினைக்கு அதுவே எமன். மருத்துவரை அழைப்பதே முறை.

சீம்பால் யாருக்கு?

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. எனவே கன்று பிறக்கும்போது ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டிய காவல் முழுவதையும் தாய் சீம்பாலில்தான் வைத்திருக்கிறது. அதிலும் ஒரு கெடு உண்டு. கன்றின் குடல் அப்புரதங்களை முழுதாக இரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரத்தில்தான் மிகுதி. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு குடித்தாலும் வயிற்றுக்கு உணவு, உடலுக்குக் காவல் இல்லை.

ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடிக்க வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், உள்ளே போக வேண்டும். கொடி விழுந்த பிறகுதான் பால் கொடுக்கலாம் என்று காத்திருப்பது தவறு. எங்கள் தூக்குச் சட்டி நிறைந்த அன்று அந்தக் கன்று எவ்வளவு குடித்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கன்று இறந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றும் அந்த இனிப்பை வாயில் வைக்கும்போது அது நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

கன்று வீச்சு நோய்

காவலர்களையே வீடாக்கிக்கொள்ளும் திருடனும் உண்டு. அதன் பெயர் புரூசெல்லா. 1887இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் காய்ச்சலால் இறந்த படைவீரர்களிடமும், 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் கன்று வீசிய பசுக்களிடமும் இவ்வினக் கிருமிகளைக் கண்டார்கள். இது வெள்ளை அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழும். சினைப் பசுவின் நஞ்சுக்கொடியில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சத்து இதற்குப் பிடித்த உணவு. அங்கே பெருகி, சினையின் பிற்பகுதியில் கன்றை வீசச் செய்கிறது. கொடி தங்குவதும் மலடாவதும் தொடர்கின்றன.

இது மாட்டோடு நிற்பதில்லை. காய்ச்சாத பாலில் வரும். வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும் வரும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, ஆண்களுக்கு விரை வீக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் வீடுகளில் கொட்டகை வேலை பெரும்பாலும் பெண்களுடையது. எனவே ஆபத்தும் அவர்களுக்கே அதிகம்.

இதற்கான தடுப்பூசி பிறந்த கதை சுவையானது. 1923இல் ஜான் பக் என்ற அமெரிக்கர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வெளியிலேயே விட்டுவைத்த கிருமி வளர்ப்பு வீரியம் குன்றிப்போயிருந்தது. அதுவே ‘எஸ் 19’ தடுப்பூசியாயிற்று. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே முறை போட்டால் போதும். சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் போடக்கூடாது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசமாகப் போடப்படத் தொடங்கியது. இத்தகைய நோய்களின் பரவலைக் கண்காணிக்கும் தேசிய நிறுவனமும் நம் எலகங்காவில்தான் உள்ளது.

ஊருக்கு ஒரு வார்த்தை

மாடு வளர்ப்பதை விட்டு நாம் விலகி வந்துவிட்டோம். ஆனால் ஊரில் அத்தையும் சித்தப்பாவும் இன்னும் வளர்க்கிறார்கள். அடுத்த முறை பேசும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். “கிடேரிக்குக் கன்னு வீச்சு ஊசி போட்டாச்சா? சினை மாட்டுக்குத் தாது உப்பு வெக்கிறீங்களா? கொடி எடுக்கும்போது கையுறை போட்டுக்கிறீங்களா? பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?” கேட்பதற்குக் காசு செலவில்லை.

எங்கள் பெரியம்மா வீட்டில் பிறகு வந்த பசுவுக்கு இவையெல்லாம் நடந்தன. இப்போதும் சீம்பால் வருகிறது. ஆனால் முதல் நாள் வருவதில்லை. “கன்னு குடிச்சு மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு” என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அதுதான் நியாயம்.