நாயைப் பிடிக்குமா... பிடிக்கத் தெரியுமா?

"எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும் அண்ணா!" விலங்குகள் காப்பகத்துக்கு வாலன்டியரா போற காலேஜ் மக்கள் கேட்டுக்குள்ளே நுழைஞ்சதும் அடிக்கிற முதல் டயலாக் இதுதான். அங்கே வேலை பார்க்கிற உதவியாளர் அண்ணாக்கள் பதிலுக்கு ஒரு மாதிரி சிரிப்பாங்க. பிடிக்கும், சரி. பிடிக்கத் தெரியுமா?

ஜோக் இல்லீங்க. மொத்த வேலையும் அந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு. டாக்டர் ஊசி போடுவார், ஆபரேஷன் பண்ணுவார். ஆனா காலை பஸ் ஏத்திட்டுப் போன வலியில, பயத்துல, யாரைப் பார்த்தாலும் சீறுற ஒரு தெருநாயை அந்த ஊசிக்குத் தயாரா மேஜை மேல நிறுத்தி வைக்கிறது யார்? நமக்கு 32 பல்லு. நாய்க்கு 42. அதையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கால்நடை மருத்துவ உதவியாளர்... பேர்தான் நீளம். 'ஹெல்ப்பர்', 'நாய் ஆளு', அதிகபட்சம் 'கம்பவுண்டர்'. வெளியில இவ்வளவுதான் மரியாதை.

கையில இருக்கு வித்தை

முதல் பாடம், வாயைக் கட்டுறது. ரெடிமேட் முகமூடி எல்லா மூஞ்சிக்கும் பொருந்தாது. ஒரு நீளமான பேண்டேஜ் துணி போதும். சுருக்குப் போட்டு மூக்கு மேல ஒரு முடிச்சு, அப்படியே தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, கடைசியா காதுக்குப் பின்னாடி இழுத்துக் கட்டணும். சில நொடியில முடிக்கணும், இல்லேன்னா கட்டுறவர் கையில தையல். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குற நாய்க்கும் இதைக் கட்டவே கூடாது. வாந்தி வெளியே வர வழியில்லாம மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்குது. சென்னை மே மாசத்துல வாயைக் கட்டி விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்தது, ரத்தக்குழாயைத் தூக்கிக் கொடுக்கிறது. ஒரு கையால நாயோட தலையைத் தன் தோளோட அணைச்சுப் பிடிக்கணும். இன்னொரு கையால முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாடி தாங்கி, கட்டை விரலால மேலே அழுத்தி, லேசா வெளிப்பக்கமா உருட்டணும். ரத்தக்குழாய் புடைச்சுக்கிட்டு மேலே வரும். டாக்டர் ஊசியைச் செருகினதும் விரலை எடுத்துடணும். முன்னாடியே எடுத்தா குழாய் அமுங்கிடும், எடுக்கவே மறந்தா மருந்து ஏறாது. பார்க்கிறதுக்கு நாயைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சுற மாதிரியே இருக்கும். போட்டோ எடுத்தா செம லைக்ஸ் வாங்கும். உண்மையில அது ஒரு லாக்!

பூனைக்கு இது எதுவும் எடுபடாது. டவல்ல சப்பாத்தி ரோல் மாதிரி சுத்தி, வேணுங்கிற ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கணும். பூனை கடிச்சா பார்க்கச் சின்ன ஓட்டைதான், ஆனா பல்லு ஊசி மாதிரி ஆழமா இறங்கிச் சீழ் வெச்சிடும். 'பூனைதானே'ன்னு அலட்சியமா விட்டவங்கதான் ஆஸ்பத்திரியில சேர்றாங்க.

ஆபரேஷன் நாள்

காப்பகத்துல பெரிய வேலை கருத்தடை. ஆங்கிலத்துல அனிமல் பர்த் கன்ட்ரோல், சுருக்கமா ஏபிசி. டாக்டர் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கிறது எல்லாமே உதவியாளர் ஏரியா.

முந்தின நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தணும். மயக்க மருந்து கொடுத்ததும் வயித்து முடியை மழிக்கணும், கிருமிநாசினி போட்டுத் துடைக்கணும். கெட்டமின் மருந்துல மயங்கின நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கும், அதனால கண்ணு காய்ஞ்சு போகாம களிம்பு போடணும். நாக்கை வெளியே இழுத்து விடணும். ஈறு ரோஸ் கலர்ல இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். விரலால அழுத்தினா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள மறுபடி ரோஸ் ஆகணும். ஆகலேன்னா ரத்த ஓட்டத்துல பிரச்னை, டாக்டரைக் கூப்பிடணும். மானிட்டர் இல்லாத இடத்துல இந்தக் கட்டை விரல்தான் மானிட்டர்.

மயக்கத்துல உடம்புச் சூடு இறங்கிடும். ஆபரேஷன் முடிஞ்ச நாய்ங்களைச் சாக்கு மேல வரிசையா பக்கவாட்டுல படுக்க வெச்சு, பழைய நியூஸ் பேப்பரைப் போர்த்தி விடுவாங்க. (நம்ம சப்ளிமென்டுக்கும் அந்தப் பாக்கியம் கிடைச்சிருக்கலாம்!) காதுல 'வி' வடிவத்துல ஒரு சின்ன வெட்டு, கருத்தடை ஆயிடுச்சுங்கிறதுக்கு அடையாளம். ரேபிஸ் தடுப்பூசி. அப்புறம் குறைஞ்சது நாலு நாள் தையல் பிரியாம, ஈ மொய்க்காம பார்த்துக்கணும். இந்த நாலு நாள்ல சொதப்பினா, எவ்வளவு பெரிய சர்ஜன் பண்ணின ஆபரேஷனும் வேஸ்ட்.

தோல் கழுத்துப்பட்டை காலம்

இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போகணும். 1959-ல மழை வெள்ளத்துல தி.நகர் தெருவில தத்தளிச்ச ரெண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாத்தி வீட்டுக்குக் கொண்டு போனார் கேப்டன் வி.சுந்தரம். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். அப்படி ஆரம்பிச்சதுதான் ப்ளூ கிராஸ். இப்ப கிண்டி, வேளச்சேரி ரோட்டில இருக்கு.

அந்தக் காலத்துல தெருநாய் அதிகமானா மாநகராட்சிக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பிடிச்சுக் கொல்றது. சுந்தரத்தோட மகன் சின்னி கிருஷ்ணா (நம்மாளு பாஸ், இன்ஜினீயர்!) ஒரு விஷயம் எழுதியிருக்கார். 1970-களின் நடுவுல வருஷத்துக்கு 16,000 நாய் வரைக்கும் கொன்னாங்களாம். அவ்வளவு தோலையும் என்ன பண்றதுன்னு, அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல நாய்த் தோல்ல டையும் பர்ஸும் டிசைன் பண்ணாங்களாம். படிச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

இவ்வளவு கொன்னும் நாய் குறையல, ரேபிஸும் குறையல. ஒரு தெருவைக் காலி பண்ணினா பக்கத்துத் தெரு நாய் அங்கே குடிவந்து குட்டி போடும். கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணித் தடுப்பூசி போட்டு அதே தெருவில விடுங்கன்னு ப்ளூ கிராஸ் 1964-லேர்ந்தே சொல்லிக்கிட்டிருந்தது. மாநகராட்சி ஒத்துக்கிட்டது 1996-ல! தென்சென்னையிலதான் ஆரம்பம். 2001-ல அதே முறை நாடு முழுக்க விதியாச்சு, 2023-ல புது விதிகள் வந்தன. இன்னிக்கு தி.நகர் கண்ணம்மாபேட்டையிலயும் லாயிட்ஸ் காலனியிலயும் மாநகராட்சி மையங்கள் இருக்கு.

அடையாறு பக்கத்துக்கு இன்னொரு பெருமை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல வர்றதுக்குக் காரணமா இருந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல அமைஞ்ச விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். டான்ஸுக்காக மட்டும்தான் அவரைத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், இல்ல?

5.2 லட்சம் நாய்-நாள்

இப்ப ஒரு சின்ன கணக்கு. 2024-ல எடுத்த சர்வேபடி சென்னையில சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அதுல கருத்தடை ஆனது 27 சதவீதம்தான். மிச்சம் சுமார் 1.3 லட்சம். ஒவ்வொண்ணையும் ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு நாள் வெச்சுப் பார்த்துக்கணும்னா 5.2 லட்சம் 'நாய்-நாள்'. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பர்ல 'மேன்-டே' போடுவோமே, அது மாதிரி! இதுக்கு நடுவுல குட்டிகள் பொறந்துக்கிட்டே இருக்கும். ரேபிஸ் பரவுறதை நிறுத்தணும்னா 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்கணும்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

2025 நவம்பர் 7-ல சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சு, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, திரும்ப அங்கேயே விடாம காப்பகத்துல வைக்கணும்னு சொன்னது. கேன்டீன் வாசல்ல பப்ஸுக்கு வாலாட்டுற நம்ம காலேஜ் நாயும் இதுல அடக்கம். அது சரியா தப்பான்னு ஹாஸ்டல்ல விடிய விடிய சண்டை போட்டோம். நாய்க்குக் கடிபட்ட பையனும் பேசினான், தினம் சோறு வைக்கிற பொண்ணும் பேசினா. ரெண்டு பேருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: காப்பகத்துல வெச்சுப் பார்த்துக்க ஆள் எங்கே?

கடிச்சா காபித் தூள் வேண்டாம்

இந்த வேலையில கடி வாங்காத ஆளே இல்ல. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா பிழைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். நாய்க்கு அறிகுறி தெரியறதுக்குச் சில நாள் முன்னாடியே எச்சில்ல வைரஸ் வந்துடும். அதனால கடிபடுறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கணும். முதல் நாள், 7-வது நாள், அப்புறம் 21 அல்லது 28-வது நாள். இதைப் போட்டிருந்தா, பிறகு கடிபட்டாலும் அன்னிக்கு ஒண்ணு, மூணாவது நாள் ஒண்ணுன்னு ரெண்டு ஊசியோட முடிஞ்சிடும். போடாதவங்களுக்குக் காயம் ஆழமா இருந்தா, காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின் போட வேண்டி வரும்.

தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு பாட்டி பயமுறுத்தினது ஞாபகம் இருக்கா? அந்தப் பழைய மருந்தை இந்தியாவுல 2004-லயே நிறுத்தியாச்சு. ஆனா மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள் அப்புறது மட்டும் நிற்கல! குழாயைத் திறந்து விட்டு, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். அதுக்கப்புறம் நேரா அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். 15 நிமிஷம்ங்கிறது ரொம்ப நேரம். வாட்ச் பார்த்துக் கழுவிப் பாருங்க, தெரியும்.

யாரும் படம் எடுக்காத வார்டு

நான் போன காப்பகத்துல பின்பக்கம் ஒரு வரிசை இருந்தது. வண்டி ஏறி இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய்கள். அதுங்களால தானா மூத்திரம் போக முடியாது. ஒரு அக்கா ஒவ்வொண்ணையும் தூக்கி, அடிவயித்தைத் தடவி, மூத்திரப்பையைக் கண்டுபிடிச்சு மெதுவா அழுத்தி வெளியேத்தினாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, ஞாயித்துக்கிழமை, தீபாவளி உட்பட. விட்டா கிட்னி போயிடும். அந்த அக்காவுக்குச் சிறுநீரக மண்டலம் வரைஞ்சு பாகம் குறிக்கத் தெரியாம இருக்கலாம். விரலுக்குத் தெரியும்.

பக்கத்துல டிஸ்டெம்பர் குட்டிங்க. அந்த வைரஸுக்கு மருந்தே கிடையாது, குட்டி தானா தாக்குப் பிடிக்கிற வரைக்கும் துணைக்கு இருக்கலாம், அவ்வளவுதான். தலை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சா பெரும்பாலும் தேறாது. பார்வோ இன்னொரு வில்லன், மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதனால வார்டு சுத்துறதுக்கும் ஒரு ஆர்டர் உண்டு. ஆரோக்கியமான குட்டிங்க முதல்ல, நோய் வார்டு கடைசியில. மாத்திச் சுத்தினா உதவியாளரோட செருப்பே நோயைப் பரப்பும். பிறப்புறுப்புக் கட்டிக்குப் போடுற வின்கிரிஸ்டின், மனுஷங்களுக்கு கேன்சருக்குப் போடுற அதே மருந்து. கிளவுஸ் இல்லாம தொடக் கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது.

இவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கு நம்ம நாட்டுல என்ன பட்டம்? 1984 சட்டப்படி வைத்தியம் பார்க்கிற உரிமை பதிவு பெற்ற கால்நடை டாக்டருக்கு. அது சரிதான், அவங்க அஞ்சரை வருஷம் படிக்கிறாங்க. ஆனா பக்கத்துல நிற்கிறவர் பெரும்பாலும் இன்னொரு உதவியாளரைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டவர். பிரிட்டன்ல இவங்களுக்கு 1961-லயே முறையான பயிற்சி வந்தாச்சு. அங்கேயும் 1984 வரைக்கும் 'நர்ஸ்'னு கூப்பிட விடல, அந்தப் பேர் மனுஷங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு மட்டும்னு இருந்தது. இப்ப அவங்க பதிவு பெற்ற கால்நடை நர்ஸ். இங்கே வேலை மாறணும்னா, அண்ணா காட்டுறதுக்குக் கையில இருக்கிற தழும்பைத் தவிர ஒண்ணும் இல்ல. அரியர் வெச்சே டிகிரி வாங்குற நம்ம கூட்டம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

போகணும்னு தோணுதா? மூணு டோஸ் ஊசி முடிச்சுட்டுப் போங்க. ஷூ போட்டு, ஜீன்ஸ் போட்டு, துப்பட்டா, தொங்கட்டான் எல்லாம் வீட்டுல வெச்சுட்டுப் போங்க. ஒரு நாள் போய் செல்ஃபி எடுக்கிறதைவிட, மாசம் ரெண்டு சனிக்கிழமை ஒழுங்கா வர்ற ஆளைத்தான் அவங்களுக்குத் தேவை. முதல் நாளே ஸ்டெதஸ்கோப் எல்லாம் தர மாட்டாங்க. விளக்குமாறும் பக்கெட்டும்தான் வரும். பூனை வார்டைக் கழுவும்போது மட்டும் பக்கெட்ல ஃபினாயில் ஊத்திடாதீங்க, பூனைக்கு அது விஷம்.