மீன்தொட்டியில் பாசிப் பெருக்கம்

பள்ளிகளில் சன்னலோரம் வைக்கப்படும் மீன்தொட்டியின் நீர் சில நாட்களிலேயே பச்சைக் குழம்பாக மாறிவிடுவதுண்டு. உடனே நீர் முழுவதையும் கொட்டிவிடுவது வழக்கம், பயன் சொற்பமே. வெயிலும், எஞ்சிய இரை அழுகுவதால் பெருகும் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு உப்புக்களும் உள்ளவரை, கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசி மீண்டும் பல்கும்.

மயில்துத்தம் இடுவது அதனினும் கேடு. மென்னீரில் அது சிறிதளவே கலப்பினும் மீனும் நத்தையும் மாளும்.

தொட்டியை வெயிலினின்று அகற்றி, மூன்று நான்கு நாட்கள் கறுப்புத் துணியால் முற்றிலும் மூடிவைத்தல் நன்று. ஆசிரியர் தயங்க வேண்டுவதில்லை. மீன்கள் இருளைத் தாங்கும், வேரூன்றிய வாலிஸ்னேரியாவும் தாங்கும். பாசியோ மடியும். மடிந்த பாசி அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு குறையுமாதலால், அந்நாட்களில் காற்றுப்பம்பு இரவும் பகலும் இயங்குதல் இன்றியமையாதது. துணியை நீக்கியதும் நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுக. அதன்பின் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கொளியே போதும். இரையும் மீன்கள் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இடத்தக்கது.