வீடு விற்பனைக்கு... மணி அல்ல!

நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டை விற்பது என்று முடிவானதும் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக்கொண்டு மிதப்பாக உட்கார்ந்திருந்தேன். முதல் பார்ட்டி வாசற்படி ஏறியதுமே மூக்கைச் சுருக்கினார்.

‘‘நாய் இருக்கா சார்?’’

மணி, அப்பா தூக்கிவந்த குட்டி. 11 வயசு. அப்பா போனபிறகும் அவருடைய ஈஸிசேர் கிடந்த இடத்தில்தான் படுப்பான். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அதுதான் விஷயமே! தினமும் முகரும் வாடையை மூளை கண்டுகொள்வதில்லை. ஆகவே, உங்கள் மூக்கை நம்பாதீர்கள். நண்பனைக் கூப்பிட்டு மோப்பம் பிடிக்கச் சொல்லுங்கள். காபி கொடுப்பதற்கு முன்னாலேயே! (குடித்துவிட்டால் பொய் சொல்வான்.)

அமோனியா கலந்த திரவத்தால் தரையைத் துடைத்தேன். மகா தப்பு! மூத்திரத்திலும் அதே நெடிதான். ‘எவன்டா நம்ம ஏரியாவுல?’ என்று மணி அதே மூலையில் மறுபடி கையெழுத்துப் போட்டான். நாய், பூனை சமாசாரத்துக்கென்றே என்ஸைம் க்ளீனர் விற்கிறது. அதுதான் கைகொடுத்தது. செராமிக் டைல்ஸ் என்றால் வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். மார்பிள், மொசைக்கில் வேண்டாம், பளபளப்பு போய்விடும். ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. விஷவாயு!

கதவில் மணி கிழித்த கோடுகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். பார்ட்டி வரும்போதெல்லாம் மணியோடு தெருவை நாலு சுற்று. வீடு விலை போனதோ இல்லையோ, என் தொப்பை குறைந்தது.

‘‘ஃப்ளாட்டுக்குப் போறீங்க... நாயெல்லாம் சரிப்படாது சார். எங்கயாவது விட்டுருங்க’’ என்றார் புரோக்கர், பழைய சோபாவைச் சொல்வதுபோல.

பசி, தாகத்தில் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாய் வளர்க்க அசோசியேஷன்கள் தடைபோட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியமும் 2015-ல் சொல்லியிருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து, தடுப்பூசி அட்டையையும் சேர்த்து, ஃப்ளாட் செகரெட்டரியிடம் நீட்டினேன். முறைத்தார். ‘‘குரைச்சா நீங்கதான் பொறுப்பு!’’ என்றார்.

போன மாசம் வீடு கைமாறியது. புது ஃப்ளாட்டில் ஈஸிசேரைப் போட்டேன். மணி நாலு மூலையும் மோந்து பார்த்துவிட்டு, வராண்டா தூணருகே காலைத் தூக்கினான்.

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது!