வீட்டிற் செய்யத்தக்க கடற்பாசி ஜெலி

வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒருசேர வந்து குவிகின்றது; விலையும் இறங்குகின்றது. காற்றில் விழுந்து அடிபட்டவற்றையும் அளவிற் சிறுத்தவற்றையும் வியாபாரிகள் விரும்பி வாங்குவதில்லை. கொழும்புத்துறை, அரியாலை முதலிய ஊர்களின் வளவுகளில் விளையும் பழத்தில் ஒரு பங்கு இவ்வாறே எருக்குழிக்குப் போகின்றது. ஒரு சமையல் முறையால் இவ்விழப்பை முற்றாகத் தடுத்தல் இயலாது. எனினும், சந்தை ஒதுக்கிய பழத்தை வீட்டிலுள்ளோர் விரும்பியுண்ணும் பண்டமாக்கலாம். அதற்குக் குளிர்சாதனப்பெட்டியும் வேண்டியதில்லை.

கடைகளில் விற்கப்படும் ஜெலித்தூள்களிற் பல ஜெலற்றின் கலந்தவை. ஜெலற்றின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படுவது. ஆதலின் மரக்கறி உணவினர்க்கு ஏற்றதன்று. மேலும், அது நமது கோடை வெப்பத்திலேயே இளகிவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோ ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வெப்பத்திற்றான் உருகும். 35 முதல் 40 பாகைக்குள் ஆறும்போது உறைந்துவிடும். இவ்வேறுபாட்டை உலகம் அறிந்துகொண்டதும் ஓர் அடுக்களையிலிருந்தே. செருமனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் 1881ஆம் ஆண்டளவில் கிருமிகளை வளர்க்கப் பயன்பட்ட ஜெலற்றின் வெப்பத்தில் உருகித் தொல்லை கொடுத்தது. அங்கு ஆராய்ச்சி செய்த வால்தர் ஹெஸ்ஸேக்கு அவர் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தாம் ஜெலி செய்யக் கையாண்ட அகரைப் பயன்படுத்துமாறு கூறினார். அவர் அதனை அறிந்தது, யாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலார் மூலம்.

அகர் தரும் பாசி நமக்குப் புதியதன்று. 'கஞ்சிப்பாசி' எனப்படும் செம்பாசியினம் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் புத்தளம், மண்டபம் கரைகளிலும் வளர்வது. 19ஆம் நூற்றாண்டிலேயே அது 'சிலோன் மொஸ்' என்னும் பெயரால் ஐரோப்பிய மருந்து நூல்களில் இடம்பெற்றது. முஸ்லிம் மக்கள் நோன்புக்காலத்தில் ஆக்கும் பண்டத்தைக் 'கடற்பாசி' என்றே வழங்குகின்றனர். அண்மையில் வடபகுதிக் கரைகளிற் பயிரிடப்படும் கப்பாபைக்கஸ் என்னும் பாசி வேறு. அது தருவது கராஜீனன் என்னும் பொருளேயன்றி அகர் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி இங்குக் கூறும் அளவைக் கையாளலாகாது.

மாம்பழ ஜெலிக்குக் கடையில் வாங்கிய உலர்ந்த அகர் இழை 10 கிராமைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். அதனை 600 மில்லிலீற்றர் தண்ணீரிலிட்டு, மெல்லிய தீயில் அகப்பையாற் கிளறிக்கொண்டே காய்ச்சுக. இழை ஒன்றேனும் கண்ணுக்குத் தெரியாதவாறு கரைந்த பின்னரே இனிப்புச் சேர்த்தல் வேண்டும். சீனியை முன்னரே இட்டுவிட்டால் இழை எளிதிற் கரையாது. பலர் தவறுவது இவ்விடத்திலேயே. சீனி 100 கிராம் போதுமானது. பழம் நன்கு இனிப்பாயின் இன்னுங் குறைக்கலாம். பின்னர்த் தாச்சியை இறக்கி, மசித்து வடித்த மாம்பழக்கூழ் 250 மில்லிலீற்றரும் தேசிக்காய்ச்சாறு ஒரு தேக்கரண்டியும் கலந்து, தண்ணீரில் நனைத்த தட்டத்தில் ஊற்றுக. புளிப்பானவற்றை அடுப்பிலிருக்கும்போதே சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகரின் உறையுந் தன்மை கெடும். பழக்கூழ் குளிர்ந்திருத்தலுமாகாது, குளிர்ந்த கூழ் பட்ட இடத்தில் அகர் கட்டிகட்டியாகிவிடும்.

மாம்பழம் இல்லாக் காலத்தில் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சிறந்தவை. பனங்கட்டி 150 கிராமைச் சிறிது தண்ணீரிற் கரைத்துத் துணியில் வடித்தல் அவசியம். கருப்பணி இறக்கும்போது இட்ட சுண்ணாம்பின் துகளும் மணலும் அடியிற் கிடக்கும். முதற்பால் 200 மில்லிலீற்றரை இளஞ்சூடாக்கிச் சேர்க்கலாம். கலவையைச் சூட்டுடன் ஊற்றினால் பாற்கொழுப்பு மேலெழுந்து, மேலே வெண்மையும் கீழே கருமையுமாக ஈரடுக்காக உறையும். ஒரே நிறம் வேண்டுவோர் சற்று ஆறவிட்டு, உறையத் தொடங்குமுன் ஊற்றுக. நறுக்கிய நுங்கையும் அப்போதே கலக்கலாம்.

கடனீரேரிப் பாசியையே கையாள விரும்புவோர், கழிவுநீர் சேராத இடத்தினின்று, இனத்தை நன்கறிந்தவர் துணையுடன் எடுத்தல் வேண்டும். உப்பும் மணலும் சிப்பியோடும் நீங்க நன்னீரில் அலசி வெயிலிற் காயவிடுக. இவ்வாறு பலநாள் நனைத்தும் உலர்த்தியும் வர, பாசி நிறமிழந்து வெளுக்கும்; கடல்வாடையும் குறையும். வெளுத்த பாசி ஏறத்தாழ 30 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மணி நேரம் அவித்துச் சூடாறுமுன் துணியில் வடித்தால், உறையும் நீர் கிடைக்கும். இது கடை அகரைப்போல் இறுகாது. தொழிற்சாலைகளில் காரத்தில் அவித்து உறுதியைக் கூட்டுகின்றனர். அது வீட்டிற் செய்யத்தக்கதன்று. பாசியைப் பச்சையாக உண்ணுதல் கூடாது.

அகர் பெரும்பாலும் செரியாத நார்ப்பொருள். ஆதலின் ஜெலியின் ஊட்டம் அதனுடன் சேரும் பழத்தையும் பாலையும் பொறுத்ததே. நீரிழிவு உள்ளோர்க்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி இட்டாலும் தீங்கில்லை என எண்ணுதல் தவறு. சிறு குழந்தைகளுக்குக் கட்டியாகக் கொடாமல் கரண்டியால் நன்கு மசித்தே கொடுத்தல் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்ததை அன்றே உண்டு முடிக்க. மாம்பழம் சேர்த்ததை மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பினும் மறுநாட் காலைக்குமேல் வைத்திருக்கலாகாது.