தலைக்காயத்தின் இரண்டாவது ஆபத்து

விபத்தில் தலையில் அடிபட்ட கணத்திலேயே மூளையில் நேர்ந்துவிட்ட சேதத்தை எந்த மருத்துவராலும் மீட்க இயலாது என்றாலும், அடுத்த சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைவாலும், இரத்த அழுத்தம் சரிவதாலும், மண்டையோட்டுக்குள் வீக்கம் கூடுவதாலும் தொடரும் இரண்டாம் நிலைச் சேதத்தைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதே நரம்பியல் தீவிர சிகிச்சையின் அடிப்படை.

1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் இருவர் நோயாளியின் நினைவு நிலையை அளக்க வகுத்த அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் கவனித்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறது. 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் பொதுவாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப்படுகிறது. கண்மணியின் அளவையும் இம்மதிப்பெண்ணையும் இடைவிடாது கவனிக்கும் செவிலியரின் பயிற்சி, விலையுயர்ந்த கருவிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. மருத்துவக் கல்வி இதற்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து தமிழகத்தில் இத்துறை வளர்ந்திருப்பினும், புள்ளலூர் போன்ற சிற்றூர்களில் காயமடைந்தவரின் நிலையை முதலில் தீர்மானிப்பவர்கள் அருகில் நிற்பவர்களே. மயங்கியவருக்குத் தண்ணீர் புகட்டாமல், கழுத்தை அசைக்காமல், உடனே 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.